லூஸர்ன், வழி: பொன்னேரி

மச்சினன் ஸ்விட்சர்லாந்து போய்விட்டு வந்தான். சாக்லேட்டோடு நிறுத்தியிருக்கலாம். போட்டோ வேறு கொண்டுவந்தான்.

‘‘இது லூஸர்ன் ஏரிக்கா. இந்த ஸ்டீமர் பேரு ஊரி. 1901-ல தண்ணியில விட்டது, இன்னும் ஓடுது. ஏரியைத் தாண்டி இறங்கினா பிலாட்டஸ் மலைக்குப் பல்சக்கர ரயில். அது 1889-லேர்ந்து! மேல ஒரே பனி.’’

கேட்டுக்கொண்டே என் சகதர்மிணி, மாடிக் கொடியிலிருந்து எடுத்து வந்த வேட்டியை உதறினாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, உதறினால் என்ன விழும் என்று தெரியும்.

‘‘அங்க வெள்ளையா விழுது. நமக்குக் கறுப்பா விழுது’’ என்றாள். பார்வை என் மேல்.

சும்மா இருந்திருக்கலாம். ‘‘நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே ஏரியும் இருக்கு, மலையும் இருக்கு. காட்டறேன் வா’’ என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, எலுமிச்சை சாதத்துடன் பொன்னேரிக்கு லோக்கல் ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காடு ஏரியைக் குறை சொல்ல முடியாது ஸார். உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே சில்காவுக்கு அடுத்தது இதுதான் (பெரும்பகுதி ஆந்திராவுக்குப் போய்விட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்). தை மாசமாதலால் தூரத்தில் பூநாரைகள், ரோஸ் சாக்பீஸால் கோடு இழுத்த மாதிரி நின்றன.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கின்றன. 1613-ல் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள். எல்லாம் துணி வியாபாரத்துக்காக. மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலேகாட்’ என்று பெயர் வந்ததே இந்த ஊரை வைத்துத்தான்.

‘‘பாருங்க, ஐரோப்பாலேர்ந்து அவங்கல்லாம் இங்க வந்திருக்காங்க. நாமதான் அங்க போகலை’’ என்றாள், கல்லறைகளைப் பார்த்து.

அடுத்து படகு. ஸ்டீமர் இல்லாவிட்டால் போகிறது, ஒரு மீன்பிடிப் படகில் அரை மணி நேரம். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். தலை நிமிராமலே கையை ஆட்டினார்.

‘‘வேணாம் சார். தடை.’’

‘‘காசு கூடவே தரேன்.’’

இப்போது நிமிர்ந்தார். ‘‘2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கும் காசு குடுத்துதான் ஏறினாங்க.’’

எனக்கு நினைவு வந்தது. சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். குழந்தைகளும் உண்டு. அதன் பிறகு வந்ததுதான் தடை.

சகதர்மிணி மட்டும் கேட்டாள்: ‘‘அந்த ஊர்ல நூறு வருஷத்துக்கு மேல ஓடுதே, எப்படி?’’

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். படகுக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை, ‘போதும், அடுத்த படகில் வாங்க’ என்று தைரியமாகச் சொல்ல ஒரு ஆள். இது ஸ்விஸ் பாங்க் ரகசியமில்லை! அதைச் செய்திருந்தால் அந்த 22 பேரும் வீடு திரும்பியிருக்கலாம். பெரியவருக்கும் மீன் கிடைக்காத நாளில் நாலு காசு வந்திருக்கும். நாம் ஏரியையே பூட்டினோம்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பெரியவருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். படகு பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறு ஞாயிறு, மலை. கும்மிடிப்பூண்டியும் திருத்தணியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக பேஸின் பிரிட்ஜ் வரை வந்து, வேறு வண்டி பிடித்து, மறுபடி மேற்கே போகவேண்டும்!

மலைக்கு ரோடு உண்டு. ‘‘படியேறித்தான் போகணும்’’ என்றாள். மொத்தம் 365, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. பல்சக்கரம் கிடையாது, முழங்கால் சக்கரம்தான். அதில் எனக்கு எண்ணெய் தீர்ந்து ரொம்ப நாளாகிறது. ஜனவரி, பிப்ரவரி என்று எண்ணிக்கொண்டே ஏறியவன், ஜூன் கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

‘‘என்னங்க, நான் நவம்பர்ல இருக்கேன். மெதுவா வாங்க!’’