இரவல் தர முடியாத ஏடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"உன்னிடம் மின்னூல் கருவி இருக்கிறதாமே, அந்த நாவலைப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வகுப்புத் தோழர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தயங்கி நிற்கிறேன். கொடுக்க மனமில்லாமல் அன்று. விலைக்கு வாங்கிய அந்த ஒரு நூலை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்க வழியில்லை. கொடுத்தால் கருவியையே கொடுக்க வேண்டும். அதனோடு என் நூலகம் முழுவதும் போய்விடும். இந்தத் தயக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருவியின் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன், பிறர் பயன்படுத்திய கருவி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தந்தார். மத்தூரிலிருந்து வரும் பேருந்தில் ஜன்னலோரம் வெயில் அடித்தால் கைப்பேசித் திரையில் ஒன்றும் தெரியாது. இக்கருவியிலோ, வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறது. திரைக்குள் மயிரிழைப் பருமனே உள்ள குமிழ்கள் இருக்கின்றன. அவற்றில் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு நிறம் மேலே வரும். மற்றது கீழே இறங்கும். பக்கம் மாறும்போது மட்டுமே எழுத்தை வரைய மின்சாரம் தேவை. ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்கலாம். படிக்கும்போது யாரும் அழைப்பதில்லை. எந்தப் படமும் குறுக்கே வந்து கையைப் பிடித்து இழுப்பதில்லை.

இனி, குறைகள். பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்த பி.டி.எஃப். கோப்பு ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். சமன்பாடும் வரைபடமும் நிறைந்த நம் பாடநூல்களுக்கு இக்கருவி ஏற்றதன்று. அவற்றுக்குத் தாளே மேல். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்பு வெறும் குறிகளாக வந்து நிற்கும். யூனிகோடில் உள்ள கோப்புதான் வேண்டும். ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற, கோவிட் கோயல் என்னும் இந்தியர் 2006-இல் தொடங்கிய 'காலிபர்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பையில் சாப்பாட்டு டப்பாவை இதன்மேல் வைக்காதீர்கள். திரை உடைந்தால் கருவி போனதாகவே கொள்ளலாம்.

இவையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். சரியாகாதது ஒன்று உண்டு. அது இரவல்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் நூல்கள் எல்லாம் இரவல் நூல்களே. பக்கத்துத் தெரு அக்கா படித்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் எனக்கு வந்தது. என்னிடமிருந்து மாமா மகளுக்குப் போயிற்று. அதன் ஓரங்களில் மூவர் கையெழுத்தும் இருக்கிறது. பெற்றோர் படிக்காத வீடுகளில் பலர் பட்டப்படிப்புவரை வந்தது இப்படித்தான். ஆனால் மின்னூல் கடையில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது நூலை அன்று. படிக்கும் உரிமத்தை மட்டுமே. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணம் திரும்பி வந்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். ஆயினும், வீட்டு அலமாரியிலிருந்து ஒரு நூலைக் கடைக்காரர் வந்து எடுத்துச் செல்ல முடியுமா? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அந்நிறுவனம் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது.

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும். பூட்டில்லாத நூல்களும் தமிழில் நிறைய உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949-இல் வாங்கிப் பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோர் எழுத்துகளும் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிக் கோப்பும் தருகிறார்கள். இவற்றை யாருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம்.

எனவே என் வேண்டுகோள் இது. நம் கல்லூரி நூலகம் பத்துக் கருவிகளை வாங்கட்டும். பூட்டில்லாத நூல்களையும் பேராசிரியர்களின் பாடக் குறிப்புகளையும் அவற்றில் ஏற்றி, நூல் வழங்குவதுபோல் இரண்டு வாரத்துக்கு வழங்கட்டும். "உடைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கலாம். நூல் தொலைந்தால் என்ன விதியோ, அதுவே இதற்கும். ஆனால் பத்தில் ஒன்றிரண்டு உடையும் என்று எண்ணியே வாங்க வேண்டும். உடைந்த கருவியின் முழு விலையையும் கூலி வேலை செய்பவரின் பிள்ளையிடம் கேட்டால், அடுத்த மாணவர் இரவல் கேட்கவே அஞ்சுவார்.

மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் ஆளுக்கு இருபது பக்கம் தட்டச்சிட்டுப் பிழை பார்த்தால், ஒரு வகுப்பே ஒரு முழு நூலைத் தமிழுக்குக் கொடுத்துவிடலாம். இரவல் வாங்கிப் படித்தவர்கள் நாம். நம் கைக்கு வந்த ஏடு நம்மோடு நின்றுவிடலாகாது.