பழைய ஊர், புதுக் கல்

பார்சிலோனாவின் காதிக் குவார்ட்டருக்குப் போகிறவர்கள் பிஷப் தெருவில் கட்டாயம் நிற்பார்கள். தெருவின் குறுக்கே, தலைக்கு மேலே, சல்லடைபோல் கல்லைக் குடைந்து செய்த ஒரு பாலம். அடியில் கத்தி பாய்ந்த மண்டையோட்டுச் சிற்பம். இடைக்காலத்துச் சாபக் கதை ஒன்று சொல்லாத வழிகாட்டி இல்லை. பாலத்தைக் கட்டிய ஆண்டு 1928. கட்டியவர் ஜுவான் ருபியோ. கவுடியிடம் உதவியாளராக இருந்த கட்டடக் கலைஞர். மறு ஆண்டு நகரில் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது.

ஐரோப்பா போய்வந்த நம்மவர்கள் தவறாமல் சொல்வது இரண்டு. "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கான் சார்" என்பது முதலாவது. இரண்டாவது, கொஞ்சம் சலிப்போடு: "ஆனா டூரிஸ்ட் கூட்டம் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களும் உண்டு. முதலாவது பொய்யாகும்போது இரண்டாவதும் கூடவே சரிந்துவிடுகிறது.

பார்சிலோனாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே தலைமைத் தேவாலயத்தின் முகப்பு பார்வைக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு. உண்மையில் மானுவல் ஜிரோனா என்ற வங்கி முதலாளியின் பணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. நடுக்கோபுரம் முடிந்தது 1913-இல். இதற்கிடையே 1908-இல், துறைமுகத்துக்கு நேராக வியா லயெத்தானா என்ற அகலச் சாலையை வெட்டத் தொடங்கினார்கள். நிஜமான பழைய தெருக்களும் வீடுகளும் தரைமட்டமாயின. அவற்றில் குடியிருந்த ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். நல்ல வேலைப்பாடு கொண்ட சில மாளிகைகளை மட்டும் கல்கல்லாகப் பிரித்து வேறிடத்தில் கூட்டினார்கள். பதேயாஸ் மாளிகை அப்படித்தான் 1931-இல் அரசர் சதுக்கத்துக்கு வந்தது. அதற்கு அஸ்திவாரம் தோண்டியபோது கீழே ரோமானியர் காலத்து ஊரே கிடைத்தது. இடம் மாறிய அந்த மாளிகை இன்று நகர வரலாற்று அருங்காட்சியகம். தற்செயலுக்கும் சில சமயம் நல்ல ரசனை இருக்கிறது.

தென் பிரான்ஸின் கார்கசோன் கோட்டை நகரம் இன்னும் சுவாரசியமான வழக்கு. 1849-இல் பிரெஞ்சு அரசு இந்த மதில்களை இடித்துவிடலாம் என்று முடிவெடுத்தது. 'அப்படியே வைத்திருந்தவர்களின்' லட்சணம் அது. உள்ளூர் வரலாற்றாசிரியர் க்ரோ-மெய்ரவியெய்யும் எழுத்தாளர் ப்ரொஸ்பேர் மெரிமேயும் போராடித் தடுத்தார்கள். 1853-இல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் சீரமைப்பைத் தொடங்கினார். 1879-இல் அவர் இறந்த பிறகும் வேலை நீண்டது. சுற்றுவட்டாரத்தில் வீடுகளெல்லாம் ஓடு வேய்ந்தவை. அவரோ கோபுரங்களுக்கு வடக்குப் பாணியில் சிலேட்டுக் கல் வேய்ந்த கூம்புக் கூரைகளைச் சூட்டினார். தேவதைக் கதைப் புத்தகத்து அட்டைபோல் இன்று படங்களில் தெரிவது அந்தக் கூரைகள்தான். இரண்டு மதில்களுக்கும் இடையே குடிசைபோட்டு வாழ்ந்த ஏழைகளின் வீடுகள் என்ன ஆயின? அகற்றப்பட்டன. மதிலின் அழகு தெரிய வேண்டுமே!

2019-இல் பாரிஸ் நோத்ர-தாம் எரிந்தபோது, எண்ணூறு ஆண்டுக் கோபுரம் சரிகிறது என்று உலகமே கண்ணீர்விட்டது. சரிந்த கூர்ங்கோபுரம் அதே வியோலே-லெ-துக் 1859-இல் முடித்தது.

இவர்களெல்லாம் பார்ப்பவரை ஏமாற்றினார்கள் என்று சொல்வதும் அநியாயம். வார்சாவைப் பாருங்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் பழைய நகரைத் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெல்லோட்டோ தீட்டிய நகரக் காட்சி ஓவியங்களையும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து, பின்னர் ஒரு மடாலயத்தில் ஒளித்துவைக்கப்பட்ட வரைபடங்களையும் வைத்துக்கொண்டு போலந்துக்காரர்கள் அதை எழுப்பினார்கள். 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மறுகட்டுமானம் என்று தெரிந்தேதான் சேர்த்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெருமைப்பட நிறைய இருக்கிறது. 'அப்படியே இருக்கிறது' என்று வியக்கிறவர் அந்த உழைப்பைத்தான் அவமதிக்கிறார்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியின் ரோத்தன்பர்க், நாள்காட்டிகளில் வரும் அந்த ஊர், 1945 மார்ச் 31 அன்று குண்டுவீச்சில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டை இழந்தது. மதிலை மீண்டும் கட்டப் பணம் தந்தவர்களின் பெயர்களை மதில் நடைபாதையின் கற்களில் பொறித்துவைத்திருக்கிறார்கள். ஜெர்மானியப் பெயர்களோடு அமெரிக்கப் பெயர்கள், ஜப்பானியப் பெயர்கள். சுற்றுலாப் பயணி அங்கே வந்து கெடுத்தவர் அல்ல, மதில் எழக் காசு கொடுத்தவர்.

தான் மட்டும் பயணி, மற்றவர்கள் கூட்டம் என்ற நினைப்பில் வருகிற சலிப்புதான் மிச்சம். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் வசிப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 2023-இல், செல்ஃபிக் கூட்டத்தைக் குறைக்க, பேர்போன ஏரிக்காட்சியை மறைத்து மரவேலி வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஆளில்லாத படம். தடையாக இருப்பது முன்னால் நிற்பவர், அவருக்குத் தடை அவருக்கும் முன்னால் நிற்பவர்.

கெட்டுப்போனது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது கல் அல்ல, குடியிருப்பு. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. 1902-இல் இடிந்து விழுந்த புனித மார்க் மணிக்கூண்டை, இருந்த இடத்தில், இருந்த வடிவில் பத்தே ஆண்டுகளில் எழுப்பிய ஊர் அது. காலியான வீடுகளுக்குக் குடும்பங்களைத் திரும்ப அழைத்துவரும் வித்தை மட்டும் அதற்குக் கைவரவில்லை. 2024-இல் பகல்நேர வருகையாளர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஐந்து யூரோவுக்குப் பயந்து விமானத்தைத் திருப்புகிறவர் யார்?

'அப்படியே காப்பாற்றினார்கள்' என்ற பாராட்டு வசதியாக மறைப்பது இதைத்தான். கார்கசோன் மதிலடியிலும் வியா லயெத்தானாவிலும் கல்லுக்காகவும் சாலைக்காகவும் ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள். இப்போது அதே வேலையை வாடகை செய்கிறது. 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்வலம் போனவர்கள் உணவக மேசைகளில் இருந்த வெளிநாட்டவர்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அவர்களுடைய கோரிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய கட்டடங்களின் தூய்மை அவர்களுடைய கவலையே அல்ல. சம்பளத்துக்குள் அடங்கும் வாடகையில் தங்கள் ஊரில் ஒரு வீடு வேண்டும் என்றார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் நீடிக்கவிடப் போவதில்லை என்று மேயர் ஜவுமே கொல்போனி அதற்கு முந்தைய மாதம் அறிவித்திருந்தார். வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் அதை எதிர்த்தார்கள். நான்கு ஆண்டு காத்திருப்பது மிக நீளம் என்று ஊர்வலம் போனவர்கள் சொன்னார்கள்.