தனிக்குடித்தனம் போன 'பில்லோ'!

யாரோ ஒருவர் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் மாட்யூல் அது. அதை நம்பித்தான் உங்கள் ஆப் ஓடுகிறது. திடீரென்று அதில் ஒரு பிழை. எழுதியவருக்குத் தகவல் அனுப்பினால் மாதக்கணக்கில் பதில் இல்லை. காத்திருப்பதா? அந்தக் கோடை அப்படியே எடுத்து, வேறு பெயரில் நாமே நடத்துவதா?

இரண்டாவது வழிக்கு 'ஃபோர்க்' என்று பெயர். நம் வீட்டு மொழியில் சொன்னால், தனிக்குடித்தனம். லைசென்ஸ் அதை அனுமதிக்கிறது. ஆனால், தனிக்குடித்தனம் போனால் வாடகையும் கரன்ட் பில்லும் நம் தலையில்தானே!

பில்லோ செய்தது என்ன?

ஃப்ரெட்ரிக் லுந்த் 1990-களில் உருவாக்கியது 'பி.ஐ.எல்' என்ற பைத்தான் இமேஜிங் லைப்ரரி. போட்டோவை வெட்ட, சுருக்க, திருப்பப் பலரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2009-ல் வந்த 1.1.7-தான் அதன் கடைசிப் பதிப்பு. இன்ஸ்டால் செய்வதே பெரும்பாடு. புதிதாக வந்திருந்த பைத்தான் 3-லும் அது ஓடவில்லை.

2010-ல் அலெக்ஸ் கிளார்க் அதை ஃபோர்க் செய்து 'பில்லோ' என்று பெயரிட்டார். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. இன்ஸ்டால் சிக்கலைத்தான் முதலில் சரிசெய்தார். படங்களைக் கையாளும் கோடில் பெரிதாகக் கை வைக்கவில்லை. பழைய வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. 2013-ல் பைத்தான் 3-லும் ஓடும்படி, பல பிழைகளைத் திருத்தி, பில்லோ 2.0 வந்தது.

அப்போதும் இனிஷியலை மாற்றவில்லை. இன்றும் பில்லோவை இன்ஸ்டால் செய்தவர்கள், கோடில் 'பி.ஐ.எல்' என்றுதான் அழைக்கிறார்கள். அதனால் பழைய புரோகிராம்களும் பிழைத்தன. லுந்த் 2021-ல் காலமானார். லைசென்ஸில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது.

சாவியைக் கேட்டு வாங்கலாமே?

வாங்கலாம். ஆனால், அதிலும் ஆபத்து உண்டு. 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலை எழுதியவர், உதவிக்கு வந்த முகம் தெரியாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் கோடை அதற்குள் நுழைத்தது 2018-ல் அம்பலமானது. பதில் சொல்லாத எல்லோரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். முன்பின் தெரியாதவரிடம் சாவி கொடுக்கத் தயங்குகிறவர்களும் அவர்களில் இருக்கலாம்.

எனவே முதலில் கேளுங்கள். நியாயமான காலம் காத்திருங்கள். உங்கள் திருத்தத்தை அனுப்பிப் பாருங்கள். அதன்பிறகும் ஃபோர்க்தான் வழி என்றால், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். அடுத்த வருடம் வேறொருவர் உங்கள் கதவைத் தட்டும்போது, திறக்க ஆள் இருக்குமா?