உலகம் அழியவில்லை, வதந்திதான் அழியவில்லை!



அண்மையில் எங்கள் வகுப்புப் பெற்றோர்களின் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சுவிட்சர்லாந்தில் பூமிக்கடியில் ஒரு மாபெரும் பொறியை இயக்குகிறார்களாம். அதில் கருந்துளை தோன்றி உலகையே விழுங்கிவிடுமாம். 'அனைவருக்கும் பகிருங்கள்' என்ற கட்டளையும் உடன் இருந்தது. அதன்கீழ் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. 'இறைவன்தான் காப்பாற்ற வேண்டும்' என்றார் ஒருவர். 'இதை யார் சொன்னது?' என்று ஒருவராவது கேட்கவில்லை.

இது புதிய செய்தியன்று. 2008-ஆம் ஆண்டில் மின்னஞ்சலாகவும் குறுஞ்செய்தியாகவும் உலவிய அதே சரக்கு. பொட்டலம் மட்டும் மாறியிருக்கிறது. அதற்கும் முன்பு, 1999-இல், அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுக்கூடத்தில் இதைவிடச் சிறிய மோதுவி ஒன்று அமைந்தபொழுதும் இதே அச்சம் கிளப்பப்பட்டது. அந்த மோதுவி 2000-இல் இயங்கத் தொடங்கியது. உலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்படி என்னதான் அங்கே நடக்கிறது? செர்ன் என்பது 1954-இல் 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு நிறுவனம். செனீவா நகரின் அருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், தரைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே, 27 கிலோமீட்டர் சுற்றளவில் வட்டமாக ஒரு சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். அதனுள்ளே புரோட்டான்களை இரு கற்றைகளாக எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டு, ஒளியின் வேகத்தை நெருங்கச் செய்து, மோதவிடுகிறார்கள். நொடிக்கு 11,000 முறைக்கு மேல் அவை வளையத்தைச் சுற்றிவரும். அவற்றை வளைத்துச் செலுத்தும் காந்தங்கள் சுழியத்திற்குக் கீழே 271 பாகை செல்சியசு குளிரில் வைக்கப்படுகின்றன. மோதலில் சிதறும் துகள்களைக் கண்டு, பொருள் எதனால் ஆனது என்று அறிவதே நோக்கம். இதற்குப் பெரு ஆட்ரான் மோதுவி என்று பெயர்.

இந்த மோதுவியில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை வளையத்தைச் சுற்றிவந்த நாள் 10 செப்டம்பர் 2008. 'உலகம் அழியும் நாள்' என்று இந்தியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் சில இரவும் பகலும் ஓலமிட்டதும் அந்நாளைப் பற்றித்தான். வேடிக்கை என்னவென்றால், அன்று அங்கே மோதலே நடக்கவில்லை! கற்றை ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். முதல் மோதல் நடந்தது 2009 நவம்பரில். அதற்குள் தொலைக்காட்சிகள் வேறு அழிவுகளைத் தேடிப் போய்விட்டன.

வேடிக்கை என்று எழுதிவிட்டேன். ஆனால், அந்த வாரத்தில் மத்தியப் பிரதேசத்தில் 16 அகவைச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். உலகம் அழியப்போகிறது என்ற தொலைக்காட்சிச் செய்திகளைத் தொடர்ந்து பார்த்து அவள் கலங்கிப் போயிருந்தாள் என அவளின் தந்தை கூறியதாகச் செய்திகள் வந்தன. ஒரு பிள்ளையின் உள்ளத்தில் வேறு என்னென்ன துயரங்கள் இருந்தன என்று நாம் அறியோம். ஆயினும், அச்சத்தில் இருந்த ஒரு பிள்ளைக்கு 'அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது, ஏனென்றால்...' என்று காரணத்தோடு எடுத்துச்சொல்ல அருகில் யாருமில்லை என்பதே என்னை இன்றளவும் உறுத்துகிறது.

அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "டீச்சர், நாளைக்குப் பள்ளி இருக்குமா?" என்று கேட்டான். விடுமுறை ஆசையில் கேட்கிறான் என்றே பக்கத்திலிருந்த ஆசிரியர் சிரித்தார். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

சரி, அந்த 'ஏனென்றால்' என்ன? வானிலிருந்து அண்டக் கதிர்கள் நொடிதோறும் நம் வளிமண்டலத்தின்மீது மோதிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் சில, செர்ன் பொறி எட்டும் ஆற்றலைவிட மிகுந்த ஆற்றல் கொண்டவை. அப்பொறி செய்யும் சோதனைகளைப் போல இலட்சக்கணக்கான மடங்கு மோதல்களைப் பூமி தோன்றிய நாளிலிருந்து இயற்கையே நடத்தி முடித்துவிட்டது. இதை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை மறைக்கக் கூடாது. வானில் உண்டாகும் துகள் அதே வேகத்தில் பூமியைத் துளைத்து வெளியேறிவிடும்; செர்னில் எதிரெதிராக மோதுவதால் பிறக்கும் துகள் மெதுவாகி இங்கேயே தங்கிவிடலாமே என்றார்கள். நல்ல கேள்விதான். செர்ன் அமைத்த பாதுகாப்பு ஆய்வுக் குழு 2008 சூன் மாத அறிக்கையில் இதற்கும் விடை தந்தது. வெண்குறு விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் மிக அடர்த்தியானவை. அப்படியொரு துகள் தோன்றினால் அவற்றுள் சிக்கிக்கொண்டே தீர வேண்டும். அவ்விண்மீன்களோ நெடுங்காலமாக வானில் நிலைத்திருக்கின்றன.

ஆற்றல் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 2015-இல் அங்கு நடந்த மோதல்களின் ஆற்றல் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட். ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் என்பது ஏறத்தாழ ஒரு கொசு பறக்கும் ஆற்றல். ஆக, பதின்மூன்று கொசுக்கள்! அவ்வாற்றல் ஒரு புரோட்டானை விடவும் சிறிய இடத்தில் குவிக்கப்படுவதுதான் அப்பொறியின் அருமை. டிங்கிக் காய்ச்சல் மலிந்த நம் நாட்டில் வீட்டுப் பூச்சட்டியில் தேங்கும் நீரைக் கவிழ்க்க மறக்கும் நாம், செனீவாவின் பதின்மூன்று கொசுக்களுக்கு அஞ்சி நடுங்குகிறோம்.

உண்மையான விபத்து ஒன்று நடந்தது. 19 செப்டம்பர் 2008 அன்று, அதாவது அந்த 'அழிவு நாள்' கழிந்து ஒன்பதாம் நாள், இரு காந்தங்களுக்கிடையே இருந்த மின்னிணைப்பு ஒன்று பழுதாகி, டன் கணக்கில் ஈலியம் சுரங்கத்தினுள் கசிந்தது. பல காந்தங்கள் சேதமுற்றன. பழுதுபார்க்க ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. இச்செய்தியை நம்மில் எத்தனைபேர் பகிர்ந்தோம்? 2009-இல் பறவை ஒன்று போட்ட ரொட்டித் துண்டால் வெளிப்புற மின்னமைப்பில் தடை ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது. 2016-இல் கீரியை ஒத்த சிறு விலங்கொன்று மின்மாற்றியில் புகுந்து பொறியையே நிறுத்திவிட்டது. உலகை விழுங்கப்போகும் அரக்கனின் இலட்சணம் இதுதான்!

அச்சுறுத்தல் ஒருபக்கம் என்றால் பெருமிதம் மறுபக்கம். இது எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. ஏனெனில் இதனைப் பரப்புவோரில் படித்தவர்கள் அதிகம்.

செர்ன் வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை நிற்கிறது. 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் முழுமை பெற்ற அவ்வடிவம் அங்கே நிற்பது கண்டு தமிழர் மகிழ்வதில் தவறில்லை, நானும் மகிழ்கிறேன். ஆனால், நம் மேடைகளில் இது எப்படிப் பேசப்படுகிறது? 'அறிவியலாளர்கள் சிவனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்', 'அவர்கள் இன்று தேடுவதை நாம் என்றோ கண்டுவிட்டோம்' என்கிறார்கள். ஒரு நாடு கொடுத்த அன்பளிப்பு, கொடுத்த நட்புக்குச் சான்று. பெற்றவரின் ஆய்வு முடிவுக்குச் சான்றாகாது. இதே சிலையின் முன்னால் 2016-இல் நள்ளிரவில் சிலர் நரபலி கொடுப்பதுபோல் நடித்து எடுத்த காணொளி பரவியது. செர்ன் நிருவாகம் அதுபற்றி விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. 'நம் சிவன்' என்று பகிர்ந்தவர்களும் 'சாத்தான் வழிபாடு' என்று பகிர்ந்தவர்களும் பயன்படுத்தியது ஒரே சிலையைத்தான்.

பெருமைப்பட வேறொன்று இருக்கிறது. அந்த 27 கிலோமீட்டர் வளையத்தில் காந்தங்களைத் தாங்கி, மயிரிழை பிசகாமல் நிலைநிறுத்தும் ஜாக்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவிலிருந்து சென்றவை. நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம், அங்குள்ள சி.எம்.எஸ். ஆய்வுக் கூட்டணியில் பங்கேற்றுள்ளது. இவற்றை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. ஜாக்கிக்கு மாலை போட முடியாதல்லவா!

'கடவுள் துகள்' கதையும் இத்தகையதே. 1964-இல் பீட்டர் ஹிக்ஸ் முதலியோர் கணக்கிட்டுச் சொன்ன துகள், 48 ஆண்டுகள் கழித்து 4 சூலை 2012 அன்று கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்பதை விளக்க உதவும் துகள் அது. 'கடவுள் துகள்' என்பது இயற்பியலாளர் லியோன் லெடர்மேன் 1993-இல் எழுதிய நூலின் தலைப்பு. 'சனியன் பிடித்த துகள்' என்னும் பொருள்பட வைக்க எண்ணியதாகவும், பதிப்பாளர் இசையவில்லை என்றும் அவரே வேடிக்கையாக எழுதினார். ஹிக்ஸுக்கு அப்பெயர் பிடிக்கவே இல்லை. நாமோ அதைத் தமிழில் பெயர்த்து, ஆத்திகரும் நாத்திகரும் ஒருவர் தலையில் ஒருவர் குட்டிக்கொள்ளக் கல்லாகப் பயன்படுத்தினோம்.

இங்கே நம் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009-இல்தான் அத்திட்டத்தைக் கைவிட முடிவெடுக்கப்பட்டது. 2008-இல் நம் தமிழ்ப்பள்ளி மாணவனுக்குக் கருந்துளை பற்றிய புரளி வீட்டிலே தமிழில் கிடைத்தது. புரோட்டான் பற்றிய விளக்கமோ அவனுக்கு அரைகுறையாய்ப் புரிந்த ஆங்கிலத்தில் இருந்தது. இன்று இருமொழித் திட்டம் நடத்தும் பள்ளிகள் தவிர்த்து, அறிவியல் மீண்டும் தமிழில் நடக்கிறது. ஆனாலும் பாடநூலுக்கு வெளியே, ஒரு பத்து வயதுப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும்படி செர்ன் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது? வலையொளியில் தேடிப் பாருங்கள். அச்சமூட்டும் காணொளிகளும் புல்லரிக்கும் காணொளிகளுமே முன்னே வந்து நிற்கும். 'ஆங்கிலத்தில் இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும்' என்று சொல்லும் ஆசிரிய நண்பர்களை நான் ஏற்க மாட்டேன். வதந்தியைத் தாய்மொழியில் கொடுத்துவிட்டு மருந்தை மட்டும் பிறமொழியில் தேடச்சொல்வது என்ன நீதி?

'இத்தனை கோடி கொட்டி என்ன பயன்?' என்று கேட்போரும் உண்டு. இவர்களை நான் மதிக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். உடனே சிலர், 1989-இல் செர்னில் டிம் பெர்னர்சு-லீ முன்வைத்த வைய விரிவு வலையை எடுத்துக்காட்டி வாயடைக்கப் பார்ப்பார்கள். அது அங்கே பிறந்தது உண்மை. ஆனால், இந்த மோதுவியால் பிறந்ததன்று. தவறான சான்றால் சரியான கட்சிக்கு வாதாடக் கூடாது. இயற்கையை அறியும் விழைவுக்காகவே இது செய்யப்படுகிறது. அதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பது மக்கள் கூடி முடிவு செய்ய வேண்டியது. அப்படி முடிவு செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் 87 கிலோமீட்டர் வளையம் ஒன்றைத் தோண்டத் தொடங்கி, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான பின்னர், 1993-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனை நிறுத்திவிட்டது.

அத்தகைய முடிவு ஒன்று மீண்டும் வரவிருக்கிறது. செனீவாவிலேயே 91 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய வளையம் அமைக்கலாமா என்ற ஆய்வறிக்கையைச் செர்ன் 2025 மார்ச்சில் வெளியிட்டது. முதற்கட்டச் செலவு மட்டும் ஏறத்தாழ 1,500 கோடி சுவிசு பிராங்கு. செலவு குறித்துச் செருமனி அரசின் தரப்பில் 2024-இலேயே ஐயம் எழுப்பப்பட்டது. ஒப்புதல் கிடைத்தாலும் அது இயங்குவது 2040-களின் நடுப்பகுதியில்தான். இன்று நம்மிடம் முதலாம் ஆண்டில் பயிலும் பிள்ளை அப்பொழுது இருபத்தைந்து வயதை எட்டியிருப்பான்.

சென்ற மாதம் இந்தத் திட்டத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து விளக்கினேன். பதினைந்து நிமிடம் ஆனது. அச்சமும் இல்லை, புல்லரிப்பும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி கையுயர்த்தி, "அவ்வளவு மண்ணையும் தோண்டி எங்கே கொட்டுவார்கள், டீச்சர்?" என்றாள். செனீவாவைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்களும் செர்ன் அதிகாரிகளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.