'நாயகன்' வெறும் நகல் அல்ல

1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' இன்றும் ஓடுவது, பாசத்தைக் காட்டி ரவுடித்தனத்துக்கு வெள்ளையடிப்பதால்தான் என்கிறார்கள்; 'காட்ஃபாதர்' நகல் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1972இல் வந்த கொப்பலாவின் படத்தில் அப்பாவின் இடத்துக்கு மகன் வந்து உட்காருகிறான். இங்கே கதாநாயகன் வேலு நாயக்கரின் இடத்துக்கு வர யாருமே மிஞ்சுவதில்லை. மகன் சாகிறான், மகள் அவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய், ஒரு போலீஸ் அதிகாரியையே மணக்கிறாள். தான் கொன்ற இன்ஸ்பெக்டரின் குடும்பத்துக்கு நாயக்கரே துணை நிற்கிறார். வழக்கில் விடுதலையாகி வெளியே வந்ததும் அந்த வீட்டுப் பிள்ளையின் கையால் சுடப்பட்டுச் சாகிறார். எந்த உதவியும் அந்தக் கொலையைக் கழுவவில்லை.

அப்படியானால் அவருக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். வேலு தூத்துக்குடிப் பையன். தொழிற்சங்கத் தலைவரான அப்பாவைப் போலீஸ் சுட்டுக் கொன்றபின் பம்பாய்க்கு ஓடியவன். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கூலிக்குப் போகிற விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர் வட்டாரத்தில், கேட்க நாதியில்லாத வீட்டின் கோபத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கைதட்டல் அந்தக் கோபத்துக்கு, கொலைக்கு அல்ல. ரவுடியைப் புனிதராக்க நினைத்த படம், பெற்ற மகளையே அவனுக்கு எதிராக நிறுத்தியிருக்காது.