தூரிகை ஆணுக்கே உரியதோ?

“பெண்கள் சித்திரம் எழுதுவது பொழுதுபோக்கு, அது கலையாகாது” என்று கூறுவோர் நம்மிடையே இன்னும் உளர். “பெண்களில் பேரோவியர் எவர்?” என்றும் வினவுவர். அமிர்தா ஷேர்-கில் அம்மையாரின் வரலாற்றை அவர்கள்முன் வைக்கின்றோம்.

1913-ஆம் ஆண்டில், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர் இவர். 1929-இல் பாரிஸ் சென்று, அடுத்த ஆண்டு அங்குள்ள அரசாங்க நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்ததோ 1897-இல்தான்! இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கதவை அடைத்து வைத்துவிட்டு, உள்ளே பெண்ணைக் காணோமே என்பது என்ன நியாயம்? திறந்த கதவின் வழியே புகுந்த இப்பெண் 1932-இல் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்னும் படம், மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 20.

1934-இல் இந்தியா திரும்பினார். 1935-இல் சிம்லாக் கலைச் சங்கத்தார் அவர் அனுப்பிய படங்கள் சிலவற்றைத் தள்ளி, ஒன்றுக்கு மட்டும் பரிசளித்தனர். அப்பரிசை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பொழுதுபோக்குக்காரர் செய்யும் காரியமா இது?

பின்னர் அஜந்தா குகைச் சித்திரங்களையும் மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களையும் கண்டு, குமரிமுனை வரை சென்றார். அப்பயணத்தின் பயனே 1937-இல் அவர் தீட்டிய ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும். பட்டும் பொன்னும் பூண்ட தேவியரையே படமென்று சுவரில் மாட்டும் நமக்கு, உழைத்துக் கறுத்த உடலும் ஓவியத்திற்குரியதே என்று காட்டியவர் அவர். அம்முகங்கள் சிரித்து மயக்குவதில்லை; இரக்கம் வேண்டிக் கையேந்துவதுமில்லை.

“செல்வர் வீட்டுப் பெண், அவருக்கு இயன்றது” என்பர் சிலர். மெய்தான். வசதி கிடைத்த ஒருத்தி இவ்வளவு செய்தாளெனில், கிடைக்காத ஆயிரம் பெண்களின் திறமை எங்கே புதைந்தது? குறை பெண்மையில் இல்லை, வாய்ப்பில் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? இன்னும் சிலர் அவருடைய அழகையும் காதலையுமே பேசுவர். ஆண் ஓவியனைப் பற்றி எழுதுங்கால், அவன் முகவெட்டையா முதலில் ஆராய்கின்றோம்?

1941 டிசம்பர் 5-ஆம் நாள், லாகூரில், 28-ஆம் வயதில் அவர் மறைந்தார். வாழ்ந்த நாளில் அவர் படங்களை வாங்கினோர் சிலரே. 2023-இல் அவருடைய ‘கதை சொல்பவர்’ என்னும் படம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அந்நாள்வரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அத்தொகையை எட்டியதில்லை. இறந்த பின் பொன் குவிப்பதா, உயிரோடிருக்கையில் ஆதரிப்பதா?

தோழர்களே! நம் பெண்மகள் வாசலில் கோலமிட்டால் மெச்சுகின்றோம். அது மாலைக்குள் மிதிபட்டழியும். அவளே தாளில் வரைந்து, “இதைக் கற்க வேண்டும்” என்றால், “அடுப்பைப் பார்” என்கின்றோம். அழியும் கலை பெண்ணுக்கு, நிற்கும் கலை ஆணுக்கு என்று வகுத்தவர் யார்? தோட்டமாயினும் பட்டணமாயினும், பள்ளி செல்லும் மகனுக்கு வாங்கும் வண்ணப்பெட்டியை மகளுக்கும் வாங்குங்கள். அதன் பின்னர்க் கேளுங்கள், பெண்களில் ஓவியர் உண்டா என்று!