ஆமையைக் காப்பாற்றப் போவது யார்?

தாமிரபரணி ஆழ்வார்திருநகரியைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. கூர்மாவதாரத்தைக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடலில் தத்தளிக்கும் ஆமை நினைவுக்கு வருவதே இல்லை. செத்து ஒதுங்கினால்தான் செய்தி. உடனே தீர்ப்பும் ரெடி: "மீனவன் கொன்றுவிட்டான்!"

இது பாதி உண்மைதான். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பரிசோதித்த உடல்களில் மூச்சுத்திணறி இறந்த அடையாளம் இருந்தது. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். இழுவைமடிக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட வழியில்லை. அதற்காக விசைப்படகையும் சின்ன வள்ளத்தையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

இன்னொன்று. வலையில் அசையாமல் வரும் ஆமையெல்லாம் செத்த ஆமை அல்ல. மயக்கமாக இருக்கலாம். அப்படியே கடலில் வீசினால் மூழ்கிச் சாகும். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு (மூக்கை மூடாமல்) வைத்தால் சில மணி நேரத்தில் தெளியலாம். சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். டாக்டரும் மறுவாழ்வு மையமும் அதற்குப் பிறகுதான். முதல் உதவி படகில் இருப்பவர் கையில்!

அவரிடம் சட்டம் என்ன சொல்கிறது? 1977 முதல் கடலாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தூத்துக்குடியில் ஒரு காலத்தில் ஆமைக்கறியும் ரத்தமும் விற்றன. ஆகவே சட்டம் தேவைதான். ஆனால் தெரியாமல் மாட்டிய ஆமையோடு கரைக்கு வர யாருக்குத் தைரியம் வரும்? சத்தமில்லாமல் தூக்கிப் போடத்தான் தோன்றும்.

மகாராஷ்டிரா 2018-ல் வேறு வழி கண்டது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. "ஏமாற்றுவார்களே" என்பார்கள். அந்தப் பயத்தில் பயிர்க் காப்பீட்டை யாராவது நிறுத்தினார்களா? நெல்லுக்கு ஒரு நியாயம், வலைக்கு ஒரு நியாயமா?

2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. அவற்றைப் படகில் கட்டிக் கடலுக்கு இழுத்துப் போனவர்களில் இதே மீனவர்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு யாரை வைத்து ஆமையைக் காப்பாற்றப் போகிறார்கள்? யோசிக்க வேண்டிய விஷயம்.